பூசையில் சொல்லும் பெயர்

"டீச்சர், வாற ஞாயிற்றுக்கிழமை பூசையில ஆண்டகையின்ர பேரை மாத்துறாங்களாம். உண்மையோ?"

பாக்கியரத்தினம் டீச்சர் தட்டச்சு இயந்திரத்திலிருந்து நிமிர்ந்தாள். ஆயர் இல்லத்து வாசலில் அன்னலட்சுமி நின்றாள். சாம்பல்தீவுக்காரி. நெற்றியில் திருநீறு. இரண்டு வருடமாக, மூன்று ஆமிச் சென்றிகளில் சோதனைக்கு இறங்கி ஏறி, தினமும் காலைப் பூசைக்கு வந்து கடைசித் தூணோடு நிற்பவள். நற்கருணை கொடுக்கத் தொடங்குமுன் போய்விடுவாள்.

"ஓம். ஞானசேகரம் ஆண்டகை ஓய்வெடுக்கிறார். 'எங்கள் ஆயர்' எண்டு சொல்லுற இடத்தில இனிப் புதியவரின்ர பேர்தான் வரும்."

"பழைய பேரையும் சேர்த்துச் சொல்ல ஏலாதோ?"

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த கோயில் மணிக்காரர் தவராசா சிரித்தார். "ஒரு மறைமாவட்டத்துக்கு ஒரு ஆயர்தான் அக்கா. ரெண்டு பேரைச் சொன்னா ஆண்டவரே குழம்பிப்போவார்."

அன்னலட்சுமி சிரிக்கவில்லை. உள்ளே வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்து, இயந்திரத்தில் செருகியிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன எழுதுறீங்கள்?"

"மறைமாவட்ட வரலாறு. கப்பலில வந்த முதல் ஆயரிலயிருந்து தொடங்கி, இப்ப இவரில வந்து நிக்கிறன்."

அன்னலட்சுமி விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். "ஞானசேகரம்... பதினாறு வருடம்... ஆயராக இருந்தார்." விரல் கடைசிச் சொல்லில் நின்றது. "டீச்சர், 'இருந்தார்' எண்டு போடாதீங்கோ."

"வரலாறு எண்டா அப்பிடித்தானே எழுதவேணும்?"

"அந்தப் பேருக்குப் பக்கத்தில வேண்டாம்."

எத்தனையோ ஆயர்களை இந்தச் சொல்லால்தான் டீச்சர் முடித்து வைத்திருந்தாள். ஒருநாளும் கை தயங்கியதில்லை. இன்று மட்டும், அந்தச் சொல் யாரையோ வீட்டுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதுபோல் இருந்தது. தாளைப் பின்னுக்கு நகர்த்தி, அந்தச் சொல்லின்மேல் கோடடித்து மறைத்தாள்.

"ஆண்டகையில உங்களுக்கு இவ்வளவு பாசமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே! உள்ளுக்குத்தான் இருக்கிறார். வாங்கோ, கதைச்சிட்டுப் போங்கோ."

"வேண்டாம் டீச்சர். அவரை எனக்குப் பழக்கமில்ல."

"அப்ப ஏன்?"

அன்னலட்சுமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"ஆமிக் காம்பில போய்க் கேட்டா, அப்பிடி ஒரு பேரே தங்களிட்ட இல்லையாம். வீட்டில சொன்னா என்ர மனுசன் எழும்பி வெளிய போயிடுவார். பூசையில மட்டும்தான், செத்த ஆக்களை வேறயா வைச்சிட்டு, அந்தப் பேரை உயிரோட இருக்கிற ஆக்களோட சேர்த்துச் சத்தமாச் சொல்லுறாங்கள்."

இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு பள்ளிக்கூட அடையாள அட்டை. வெள்ளைச் சட்டையில், மீசை அரும்பிய ஒரு முகம். அதற்குக் கீழே, 'கனகசுந்தரம் ஞானசேகரம்' என்று எழுதியிருந்தது.