கரடியின் வணக்கம்

கேளிக்கைப் பூங்காவில் கரடி வேடமிட்டிருந்த தமயந்திக்கு மூச்சு முட்டியது. வேடத்தில் இருக்கையில் பேசக்கூடாது, தலையைக் கழற்றக்கூடாது என்பது அங்கே விதி. செல்ஃபி எடுக்க வந்தவர்கள் வாலை இழுத்தார்கள். ஒருவன் வயிற்றில் குத்தினான்.

"கரடிக்கு வலிக்குமாடா?" என்று கூட வந்தவனிடம் கேட்டுச் சிரித்தான்.

"உள்ள ஒரு உசுரு மூச்சு வாங்குது, காது கேக்கலையா?" என்று கூட்டத்தை விலக்கி வந்த ஓர் அம்மாள், அவளை நிழலில் உட்காரவைத்து, கரடியின் வாய்க்குள் ஒரு பாக்கெட்டின் ஸ்ட்ராவை நீட்டினார். "மோருதான், குடிம்மா."

குடித்ததும் தெம்பு வந்தது. நன்றி சொல்ல வழியில்லை. எழுந்து, இரண்டு பெரிய பாதங்களையும் சேர்த்து அவரைக் கும்பிட்டாள்.

"புது போஸுடா!" குத்தியவன் ஓடிவந்து பக்கத்தில் நின்று, அவளைப் போலவே கைகூப்பினான். அவனுக்குப் பின்னால் இன்னும் பலர் கைகூப்பி வந்து நின்றார்கள். எதிரே, காலி மோர் பாக்கெட்டோடு அந்த அம்மாள்.