அளவான பிடி

“பலமா பிடிக்கிறதையே ஏத்திடலாம் டாக்டர். இதுல யோசிக்க என்ன இருக்கு?”

நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சியாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவே அவருடைய கண்கள் மட்டும்தான் தெரிந்தன. செல்களை ஒளிர வைத்துப் பார்ப்பதே வேலை என்பதால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் ‘மின்மினி’தான்.

டாக்டர் வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்திருந்தாள். ஆய்வகத் தலைவி அவளுடைய கல்லூரித் தோழி. ஒரு புற்றுநோயாளிக்கு எந்தச் செல்லை ஏற்றுவது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, நீ வந்து பார்த்து முடிவு சொல், நோயாளி யார் எவர் என்று மட்டும் கேட்காதே என்று கூப்பிட்டிருந்தாள். இந்த மாதிரி விஷயங்களில் அது நடைமுறைதான் என்பதால் இவளும் கேட்கவில்லை.

நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த, நோயை எதிர்க்கும் டி செல்களை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் வெவ்வேறு பலத்தில் பிடிக்கும் ஒரு புது ஏற்பியைப் பொருத்தியிருந்தார்கள். புற்றணுவைத் தேடிப் பிடிக்கும் கை அந்த ஏற்பிதான். பிடித்தவுடன் டி செல்லுக்குள் கால்சியம் பாயும். அப்போதுதான் அது சண்டைக்குக் கிளம்பும். சாயம் கலந்திருந்ததால் பாய்ச்சல் திரையில் பச்சையாகத் தெரியும்.

மின்மினி ஒவ்வொன்றையும் புற்றணுக்களோடு விட்டுத் திரையில் போட்டுக் காட்டினார். தளர்வாகப் பிடித்த செல்கள் லேசாக மினுக்கிவிட்டு அணைந்துபோயின. நடுத்தரமாகப் பிடித்தவை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மூச்சு விடுவதுபோல் ஒளிர்ந்தன. பலமாகப் பிடித்தவை எடுத்த எடுப்பிலேயே பளீரென்று எரிந்தன. இறங்கவே இல்லை.

ஆரோக்கியமான இதயச் செல்களோடும் விட்டுப் பார்க்க வேண்டும் என்றாள் டாக்டர். மின்மினி இருந்த இடத்தை விட்டு எழவில்லை. அந்தத் தட்டை எடுத்து வைக்கச் சொல்லித் தலைவியையே ஏவினார். நல்ல மரியாதை தெரிந்த மனுஷன் என்று டாக்டர் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள். தோழி மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தாள்.

நடுத்தரச் செல்கள் இதயச் செல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு இருட்டாகவே நகர்ந்துபோயின. பலமானவற்றில் அங்கங்கே பச்சை தலைகாட்டியது.

“கொஞ்சம்தானே,” என்றார் மின்மினி.

“உடம்புக்குள்ள போனா அது பெருகும். புற்று போறதுக்கு முன்னாடி இதயம் நின்னுடும். தப்பிச்சாலும், ஓயாம எரியிற செல் சீக்கிரமே களைச்சுப் படுத்துடும்.”

அவர் விடுவதாக இல்லை. நடுத்தரம் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதற்குள் புற்று முந்திக்கொண்டால் யார் பொறுப்பு, இழப்பதற்கு ஒன்றுமே இல்லாதவருக்கு எதற்கு இத்தனை நிதானம் என்று அடுக்கிக்கொண்டே போனார். டாக்டருக்குச் சுருக்கென்றது.

“உங்களுக்கு இது தட்டுல இருக்கிற செல், சார். தப்பாப் போனா கழுவிட்டு வேற தட்டு எடுத்துப்பீங்க. கட்டில்ல கிடக்கிறவர் முகத்தைப் பாக்கிறது எங்க வேலை. இழக்க ஒண்ணுமில்லைன்னு உங்களுக்கு எவ்வளவு சுலபமா வருது.”

தோழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மின்மினி கையைக் காட்டித் தடுத்தார். திரையில் நடுத்தரச் செல்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வேலையை முடிக்கிற வரைக்கும் நோயாளி தாங்குவாரா?” குரல் இறங்கியிருந்தது.

உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். ஆனால் கூடப் பிறந்த அண்ணனாக இருந்தாலும் இதைத்தான் ஏற்றச் சொல்வேன் என்றாள்.

“அப்ப சரி. நடுத்தரமே இருக்கட்டும்.”

இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவார் என்று டாக்டர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டோமோ என்றுகூட இருந்தது. தோழியின் பக்கம் திரும்பினாள்.

“முடிவு சொல்லியாச்சு. இனிமே நோயாளியைப் பாக்கலாம் இல்லையா? மெதுவாத்தான் குணமாகும், அதுவரைக்கும் மனசை விட்டுடக் கூடாதுன்னு நானே அவர்கிட்ட சொல்லணும்.”

தோழி கதவோரம் மடக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியை விரித்து, நுண்ணோக்கியின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“விட மாட்டேன் டாக்டர்,” என்ற மின்மினி, தோழியின் தோளைப் பற்றி எழுந்து, வார்டுக்குத் திரும்புவதற்காக அதில் உட்கார்ந்தார்.