கூறப்படுகிறது

வேலை இழந்த நிருபர்கள் ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுக்கும் திட்டத்தில், தூத்துக்குடி ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தான் பிரிட்டோ. முன்பு ஒரே பத்திரிகையில் இருந்தவர்கள். இப்போது வேலைக்கான நேர்காணலை எடுப்பது எந்திரம்தான். சந்தேகம் தொனிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அது மதிப்பெண்ணைக் குறைக்கும். பிரிட்டோவோ பழைய பழக்கத்தில், தான் பிறந்த ஊரைக்கூட “என்று கூறப்படுகிறது” என்றே முடித்தான்.

“யாரு கூறுனா? நீதான கூறுற? அடிச்சுச் சொல்லு,” என்பாள் ஜெசிந்தா.

ஒருவழியாக அந்த வால் அறுந்தது. வேலையும் கிடைத்தது. துறைமுகச் செய்திகள் அவன் பொறுப்பு.

அடுத்த வாரமே ஜெசிந்தாவின் போனில் அவன் எழுதிய செய்தி வந்தது. ‘விசைப்படகு கவிழ்ந்தது. ஏழு மீனவர்களும் இறந்தனர்.’ அவள் தம்பி ரொசாரியோ போன படகு அது. பிரிட்டோவுக்கு அது தெரியாது. அவள் செய்தியை மேலும் கீழும் தேடினாள். ‘அஞ்சப்படுகிறது’ இல்லை. ‘கூறப்படுகிறது’ இல்லை.

உடனே அவனை அழைத்தாள். “பிரிட்டோ, உடல் எல்லாம் கிடைச்சிருச்சா?”

“இல்ல ஜெசி, இன்னும் கடல்ல தேடிட்டுதான் இருக்காங்க,” என்றவன் உற்சாகமாகக் கேட்டான்: “ஆனா ஒரு எடத்துலயாவது ‘கூறப்படுகிறது’ வந்துச்சா, பாத்தியா?”