மடலேறியவன்

கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, முழுக்கைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இலக்கியப் பாடத்தப் பாக்க வந்திருக்கார்," என்று மட்டும் சொன்னார் கங்கா டீச்சர்.

கல்வி இலாகா அதிகாரி என்றே வகுப்பு நினைத்தது. "அவரு டீச்சருக்கு மார்க் போட வந்தவருலா, நமக்கென்ன?" என்று கடைசி வரிசையில் கிசுகிசுத்தான் சசிகுமார். ஆனால் வந்தவர் டீச்சர் பக்கம் திரும்பவேயில்லை. கையில் பேனாகூட இல்லை.

பாடம், மடலேறுதல். பெண் மறுத்தால் பனைமட்டைக் குதிரையில் ஏறி, அவள் படத்தைத் தூக்கிப் பிடித்து ஊர் நடுவே நிற்பேன் என்கிறான் தலைவன். "இது காதலா, மிரட்டலா? இரண்டிரண்டு பேராப் பேசுங்க," என்றார் டீச்சர்.

போன வாரம் இதை முதலில் படித்தபோதே, அந்தக் குதிரை தன்னைத்தான் ஏறி மிதித்திருக்கிறது என்று குமுதாவுக்குப் பட்டது.

கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்கப் போகும் படகில் அவளும் சசிகுமாரும் ஒட்டி உட்கார்ந்த படம் அதற்கு முன்பே எல்லார் கைப்பேசியிலும் சுற்றியிருந்தது. அவள் அந்தப் படகில் ஏறியதே இல்லை. சொன்னால் யார் நம்பினார்கள்? புக்கிட் ரோத்தானில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தது போதும், பள்ளியை நிறுத்து என்று கெர்லிங்கிலிருந்து அப்பா சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவள் இன்று எழுந்துபோய் சசிகுமார் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வகுப்பு 'ஓ' போட்டது.

"தலைவன் பாவம், சசி. ஆசையிலதான அப்படி நின்னான்."

பாவிக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. "நான் உனக்காக அதுக்கு மேலயே செஞ்சேன்லா."

"அப்படி என்ன செஞ்சிட்ட?"

"படகுல என் பக்கத்துல இருந்தது என் தங்கச்சி. உங்க அக்கா கல்யாணப் படத்துலேர்ந்து உன் முகத்த எடுத்து ஒட்டினேன். லீவு பூரா அதே வேலை. எவனாச்சும் கண்டுபிடிச்சானா?"

"இல்ல. எங்க வீட்டுலயே நம்பிட்டாங்க."

"அப்புறமென்ன? இனிமே வேற எவன் உன்னைக் கேட்டு வருவான்?"

பின்னால் நாற்காலி நகர்ந்தது. முழுக்கைச் சட்டைக்காரர் எழுந்து நின்றார்.

குமுதா அவர் பக்கம் திரும்பி, வகுப்புக்கே கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்:

"இப்ப சொல்லுங்க, அப்பா. யாரைப் பள்ளிய விட்டு நிறுத்தணும்?"