இடது பின் கதவு

பாக்கியநாதன் கொண்டுவந்த கார் உள்ளங்கையில் அடங்கியது. வீட்டில் அவர் ஓட்டும் காரைப் போலவே வெள்ளை. நான்கு கதவுகளும் திறந்து மூடின.

"இடது பின் கதவை மட்டும் அடைச்சிடும்மா. இடுக்கே தெரியக் கூடாது."

"நல்லாத்தானே திறக்குது, சார்?"

"அந்தப் பக்கம் இறங்கித்தான் என் மக, அவ விரும்பினவனோட போனா. இப்ப மாசாமாசம் போன் பண்றா. நான் எடுக்கிறதில்லை."

மாடல் கார்களை மாற்றியமைத்துத் தரும் பூங்கோதையிடம் இடுக்கை அடைக்கும் எபாக்சி புட்டிப் பசை இரண்டு வகை இருந்தது. ஒன்று டீ ஆறுவதற்குள் கல்லாகிவிடும். மற்றது சாயங்காலம் வரை இளக்கமாகவே இருக்கும்.

"சீக்கிரம் இறுகுறதைப் போடு."

"புட்டியை நான்தான் சார் முடிவு பண்ணுவேன். மெதுவா இறுகுறதுதான் பிடிச்சா விடாது."

அது பொய்யில்லை. மெதுவாக இறுகும் புட்டியில் பசை ஒரு உருண்டை, அதை இறுக வைக்கும் கலவை ஒரு உருண்டை எடுத்து, இரண்டையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, தண்ணீர் தொட்ட விரலால் இடுக்கு நெடுக இழைத்தாள். கதவு இருந்த இடமே தெரியவில்லை.

"சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க."

அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பூங்கோதை வேறொரு காரின் பம்பரைத் தேய்க்கத் தொடங்கினாள்.

வெயில் மேசையை விட்டு இறங்கியபோது அவர் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இறுகிடுச்சா?"

"இன்னும் இல்ல, சார். நகத்தால கீறினாலே வந்துடும்."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். பூங்கோதை தேய்ப்பதை நிறுத்தாமல், மெல்லிய கத்தியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.