சஹன் இல்லாத கல்யாணம்

"கைரியாட ஊட்டுக் கல்யாணத்துல சஹன் இல்லையாம்! ஆளுக்கொரு பிளேட்டாம்!"

அலவத்துகொடயில், பெண்களின் பந்தலுக்குள் மஸீனா காலெடுத்து வைக்கும்போதே இந்தப் பேச்சு காதில் விழுந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மூன்று நாளாக அந்தச் சஹனை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தாள். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆறு கையும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு அது சந்தோஷம். மஸீனாவுக்கு அது வார்டுக்குப் போகிற வழி.

அவளுக்கு லூபஸ். உடம்பின் காவல் உடம்பையே அடிக்கிற நோய். அதை அடக்கக் கொடுக்கும் குளிசை, காவலையே படுக்க வைத்துவிடும். அப்புறம் எந்தக் கிருமிக்கும் கதவு திறந்துதான் கிடக்கும். இந்த வருஷம் மட்டும் மூன்று தடவை கண்டியில் வார்டில் கிடந்துவிட்டாள். நெஞ்சில் சளி, சிறுநீரில் கிருமி, போன மாதம் காலில் சீழ்.

"இனியொரு தரம் கிருமி வந்து ரத்தத்துல ஏறிச்சுதெண்டா கஷ்டம்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "பல பேர் கை போடுற சாப்பாடு வேணாம். பச்சை இலைச் சம்பலும் வேணாம்."

வெளியே யாருக்கும் தெரியாது. புருஷன் பாரூக்கைத் தவிர ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு கலகெதரயிலிருந்து மகள் நிஸ்மியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். உம்மாவுக்கு அடிக்கடி கிருமி பிடிக்கிற வியாதி என்று தெரிந்தால், வருகிறவர்கள் பாதி வழியிலேயே பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். இங்கே அவள் மட்டும் தனிப் பிளேட் கேட்டால், பந்தல் முழுக்க ஏன் என்று கேட்கும்.

போதாததற்கு, பெண் பார்க்க வரப்போகிற அந்த மாப்பிள்ளையின் தாய் பளீலா நேராக வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மொகம் நல்லா பூசினாப்போல ஈக்குது. சொகந்தானே?"

"அல்ஹம்துலில்லாஹ், சொகம்" என்றாள் மஸீனா. குளிசை ஊத வைத்த முகம் அது.

பந்தலில் புகைச்சல் அடங்கவில்லை.

"கூப்பிட்டு வெச்சு ஆள ஆள் பிரிக்கிறதா?"

"எங்கட கை அழுக்காமோ?"

"காசு வந்தா இப்படித்தான்."

பளீலா மஸீனாவின் பக்கம் சாய்ந்தாள். "கைரியா ஒங்கட புருஷன்ட தங்கச்சிதானே? நீங்க செல்லுங்க. இது பெரும இல்லாம வேறென்ன?"

மஸீனா அவசரமாக யோசித்தாள். கைரியாவுக்குப் பரிந்து பேசினால், இவளுக்கு மட்டும் ஏன் சஹன் வேண்டாம் என்று தோன்றிவிடுமோ? சந்தேகம் வந்துவிட்டால்? தவிர, கைரியா மேல் அவளுக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. வாசலில் வந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தவள், அண்ணன் பெண்சாதிக்கு மட்டும் நாலடி தள்ளி நின்று ஒரு சலாம் சொன்னாள். அவ்வளவுதான்.

"அவக்கு எப்பவுமே பெரும கூடத்தான்" என்றாள் மஸீனா, நாலு பேருக்குக் கேட்கும்படி. "எனக்குந்தான் சஹன்ல சாப்பிட ஆச. என்ன செய்ய?"

பளீலா தலையை நிமிர்த்தி, மஸீனாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

மஸீனா திரும்பினாள். கையில் ஒரு பிளேட்டோடு கைரியா நின்றிருந்தாள். முழுதும் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. மஸீனாவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது.

கைரியா குனிந்து பிளேட்டை வைத்தாள். மஸீனாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மதினி, ஒங்களுக்கு வல்லாரச் சம்பல் வைக்கல்ல. பாரூக் நானா எனக்கிட்ட எல்லாம் செல்லிட்டாரு. கைய நல்லா கழுவிட்டு நானேதான் போட்டு எடுத்துவந்த. பயப்படாம சாப்பிடுங்க. ஊரையே கட்டிப்பிடிச்ச ஒடம்பு இது, அதுதான் வாசல்ல ஒங்கட கிட்ட வரல்ல."

மஸீனா அக்கம்பக்கம் பார்த்தாள். எல்லாப் பிளேட்டிலும் பச்சையாக வல்லாரைச் சம்பல் இருந்தது. அவளுடையதில் மட்டும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. வாயைத் திறக்கப் போனாள்.

கைரியா அதற்கு இடம் கொடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மதினி செல்றது சரிதான்! எனக்குப் பெருமதான். ஆளுக்கொரு பிளேட் வெச்சு ஊருக்குக் காட்டோணும் எண்டு எனக்குத்தான் ஆச!"