தப்பு யார் மேலே?

"தப்பு என் மேலதாங்க. வேகமா வந்தேன். பாக்கல. இடிச்சிட்டேன்."

கூண்டில் நின்று டிரைவர் வாஹித் இப்படிச் சொன்னதும், அவனைச் சாட்சியாகக் கூட்டி வந்த வக்கீலுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் பஸ் முதலாளி மணவாளனின் வக்கீல்.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம். திருத்தணி முன்சீப் கோர்ட்டில் அன்று நிற்க இடமில்லை. பஸ் இடித்துக் கால் போன ஒரு கூலிக்காரன், முதலாளி மேல் நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டிருக்கிறான் என்றால் சும்மாவா?

"குறுக்கே கன்னுக்குட்டி ஓடி வந்துச்சு, அதனாலதான் திருப்பினேன்னு எங்கிட்ட சொன்னியேப்பா?" என்றார் வக்கீல்.

"அது பொய்ங்க."

"இது?"

"இதுதாங்க நெஜம்."

"லைசென்ஸ் போயிடும், தெரியுமா?"

"ஆங். தெரியும்ங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "அந்தப் பக்கத்து வக்கீல் துரைக்கண்ணு இவன் கையில நல்லா அமுக்கியிருக்காரு போல!"

முன் பெஞ்சில் இருந்த மணவாளன் பல்லைக் கடித்தார். அவருக்கு இருந்தது அந்த ஒரே பஸ்.

அடுத்து, கால் போன எல்லப்பனின் முறை. கே.ஜி.கண்டிகையில் ஏர் ஓட்டிப் பிழைத்தவன். அவன் மனைவி ஜெயம்மா கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். முன்சீப் அவனுக்கு ஒரு முக்காலி போடச் சொன்னார்.

துரைக்கண்ணுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. டிரைவரே ஒப்புக்கொண்ட பிறகு இனி என்ன?

"எல்லப்பா, பஸ் எப்படி வந்துச்சு?"

"மெதுவாத்தாங்க வந்துகினு இருந்திச்சு."

துரைக்கண்ணுவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா."

"இதுல யோசிக்க இன்னாங்க கீது? கனகம்மாசத்திரம் ரோட்டு ஓரமா புல்லுக்கட்டோட போய்கினு இருந்தேன். ஒரு கன்னுக்குட்டி குறுக்கால ஓடியாந்திச்சு. பாய் அத்தக் காப்பாத்த வண்டிய ஒடிச்சாரு. அந்தப் பக்கம் நான் இருந்துட்டேன். பாய் மேல தப்பே இல்லீங்க."

ஜெயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அவரே ஒத்துக்கினாரு! நீ ஏன்யா நடுவுல?"

முன்சீப் குனிந்து பார்த்தார். "டிரைவர் மேல தப்பு இல்லேன்னா முதலாளிகிட்டேருந்து உனக்கு நஷ்டஈடு கிடைக்காதே! உன் வக்கீல் சொல்லலையா?"

"சொன்னாருங்க சாமி. எத்தக் கேட்டாலும் வேகம் வேகம்னு சொல்லுன்னாரு."

கூட்டம் சிரித்தது. துரைக்கண்ணு அவசரமாகக் காகிதக் கட்டைப் புரட்டினார்.

பின்னாலிருந்து வாஹித் கத்தினான். "எஜமான், அந்த ஆளு பொய் சொல்றான்! நான் வேகமாத்தான் வந்தேன்!"

"நீ சும்மா இரு பாய்! மூணு பொண்ணுங்கள வச்சிகினு லைசென்ஸையும் வுட்டுட்டு இன்னா பண்ணுவ?"

"எங்கியாவது ஒர்க்‌ஷாப்புல எடுபிடி வேலை செஞ்சிக்கிறேன். உனக்குக் காலு மொளைக்குமா?"

"அதுக்காவ நடக்காதத நடந்திச்சின்னு சொல்லுவியா?"

"சைலன்ஸ்!" என்று டவாலி அலறினான்.

முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். இடித்தவன் தன் மேல் தப்பில்லை என்பான், இடிபட்டவன் அவன் மேல்தான் தப்பு என்பான். அவர் பார்த்த வழக்கெல்லாம் அப்படித்தான். இது என்ன, தலைகீழாக இருக்கிறதே!

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எல்லப்பா, பஸ் மெதுவா வந்துச்சுன்னியே, எவ்வளவு மெதுவா?"

"மாட்டு வண்டியாட்டம் சாமி."

"கன்னுக்குட்டி திடீர்னு சக்கரத்துக்கிட்ட வந்துடுச்சா?"

"இல்லீங்க. தூரத்துலியே ரோட்டுக்கு வந்துடுச்சி."

முன்சீப் வாஹித் பக்கம் திரும்பினார்.

"மெதுவா வந்த வண்டி. தூரத்துல கன்னுக்குட்டி. பேசாம நிறுத்தியிருக்கலாமே? எதுக்காகத் திருப்பினே?"

வாஹித் தலையைக் குனிந்துகொண்டான்.

"பிரேக் பிடிக்கலையா?"

முன்சீப் குரலைத் தணித்தார்.

"இதோ பாரு. வண்டியில கோளாறு இருந்து, அது முதலாளிக்கும் தெரிஞ்சிருந்தா, பொறுப்பு அவரோடது. எல்லப்பனுக்கும் நஷ்டஈடு கிடைக்கும், உன் லைசென்ஸும் தப்பும். பயப்படாமச் சொல்லு."

வாஹித் ஒரு தடவை மணவாளனைப் பார்த்தான்.

"ஓட்டினவன் நானுங்க. தப்பு என்னுதுதான்."

எல்லப்பனுக்குக்கூட ஒன்றும் புரியவில்லை. "ஏன் பாய், ரிப்பேரு இருந்தா சொல்லேன்!" என்றான்.

மணவாளனின் வக்கீல் துள்ளி எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, பிரேக் கெட்டிருந்தது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. இவனே சொல்லவில்லை. சாட்சியே இல்லாத ஒரு விஷயத்தை..."

அவருடைய கோட்டைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினார். மணவாளன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டே சொன்னார்:

"சாட்சி இருக்குதுங்க. பிரேக் பிடிக்கலைன்னு இவன் தினம் வந்து நச்சரிச்சான். கிருத்திகைக் கூட்டம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம், ஓட்டுடான்னு சொன்னவன் நான்தான்."